சிவப்பு மையும் மாணவர் உரைநடையும்

"மழையின் பயன்கள்" என்ற தலைப்பில் பத்தாந் தர மாணவி ஒருத்தி எழுதிய கட்டுரையில், 2018 டிசம்பரில் கிளிநொச்சியைச் சூழ்ந்த வெள்ளம் பற்றி இரண்டு வரிகள் இருந்தன. வீட்டிலிருந்த நெல் நனைந்து, சாக்குக்குள்ளேயே முளைத்துவிட்டதாம். மீதியெல்லாம் மாதிரிக் கட்டுரை நூலின் குரல். சந்திப் பிழை, ளகர ழகர மயக்கம், ஒருமை பன்மை, பந்திப் பிரிப்பு அனைத்தையும் ஒரே மூச்சில் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த கட்டுரை பாதி நீளம், பிழைகளும் பாதி. முன்னேற்றம் என்று மகிழ்ந்தேன். நெல் முளைத்தது போன்ற ஒரு செய்தியும் அதில் இல்லை என்பது பின்னரே உறைத்தது. அவள் பிழையைத் திருத்தவில்லை. பிழை நேரக்கூடிய இடங்களுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டாள்.

மாணவன் கொள்ளும் வகையறிந்து கொடுப்பவனே ஆசிரியன் என்பது நன்னூற் பாயிரத்தின் கருத்து. பல்கலைக்கழகத்தில் அதை மனனஞ் செய்து புள்ளி பெற்ற நாம், வகுப்பறைக்கு வந்ததும் மறந்துவிட்டோம். நாவலரின் சாதி நோக்கு நமக்கு உடன்பாடன்று. ஆனால் எழுத்து, சொல், சிறு வாக்கியம் எனத் தொடங்கிக் கட்டுரை வரை படிப்படியாக ஏற்றிச் செல்லும் அவரது பாலபாட முறையை மறுப்பதற்கில்லை. வாசிப்புக்கு அன்று கிடைத்த அந்தப் படிக்கட்டு, எழுத்துக்கு இன்னும் நம் வகுப்புகளில் கட்டப்படவில்லை.

இதில் வர்க்கமும் உண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தனியார் வகுப்பில் ஒரே கட்டுரையை மூன்று முறை திருத்தி எழுதுகிறது. வயற்கூலியின் பிள்ளைக்கு ஒரே கொப்பி, ஒரே தடவை, நாற்பது வட்டங்கள். மாதிரிக் கட்டுரைக்குள் அது ஒளிந்துகொள்வதில் என்ன வியப்பு?

இப்போது முதலாந் தவணையில் இரண்டை மட்டுமே பார்க்கிறேன்: எழுவாயும் பயனிலையும் பொருந்துகின்றனவா, ஒரு பந்தியில் ஒரு செய்தி நிற்கிறதா. பரீட்சகர் மற்றப் பிழைகளுக்கும் புள்ளி குறைப்பாரே என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் க.பொ.த. சாதாரண தரத்துக்கு இன்னும் காலமிருக்கிறது. வாக்கியமே நிற்காத இடத்தில் சந்தியை எங்கே பொருத்துவது? (திருத்தாத பிழையைக் கண்டும் காணாமல் விடுவது தமிழாசிரியனுக்கு எத்தனை வேதனை என்பது வேறு கதை.)

அந்த மாணவியிடம் நெல்லைப் பற்றி மட்டும் ஒரு பந்தி கேட்டேன். முளைத்த நெல்லை அள்ளிக் கோழிக்குப் போட்டுவிட்டு, அம்மா வெறுஞ் சாக்குகளை வேலியில் காயவிட்டதை ஏழு வாக்கியங்களில் எழுதியிருந்தாள். ஏழும் நின்றன. சந்திப் பிழை நான்கு. அவற்றை இரண்டாந் தவணைக்கு விட்டுவைத்திருக்கிறேன்.