பரதீசு: ஒரு சொல்லாய்வு

லூக்கா 23:43-இல் ஆண்டவர் உரைத்த ‘பரதீசு’ என்னும் சொல்லைப் ‘பரதேசம்’ எனப் பிரித்து, ‘மேலான தேசம்’ என்று நம் பிரசங்கிமார் சிலர் பொருள் கூறுவதுண்டு. ஒலியொற்றுமையன்றி அதற்கு வேறு ஆதாரமில்லை.

இதன் மூலம் பழம்பாரசீக நாட்டு மொழிகளாகும். அவெஸ்தா மொழியில் ‘பைரி’ என்பது சுற்றிலும். ‘தஏஸ’ என்பது மண் குழைத்து எழுப்பிய சுவர். வடமொழித் ‘தேகம்’ இப்பின்சொல்லுக்கு உறவுடையது. ஆகவே முதற்பொருள் சோலையன்று, மதிலே. மதில் சூழ்ந்த அரச வனத்திற்கு அது பெயராயிற்று. இளைய கோரேசு வேட்டையாடிய வனத்தைக் கிரேக்க ஆசிரியர் செனபோன் ‘பாரதெய்சொஸ்’ என்றே குறித்தார்.

எபிரெய வேதத்தில் ‘பர்தேஸ்’ மும்முறையே வருகிறது: நெகேமியா 2:8, பிரசங்கி 2:5, உன்னதப்பாட்டு 4:13. நம் பழைய மொழிபெயர்ப்பு நெகேமியாவில் ‘வனம்’ என்றும் பிரசங்கியில் ‘சிங்காரவனம்’ என்றும் பெயர்த்தது. ஏதேன் தோட்டத்தைக் குறிக்கும் எபிரெயச் சொல் ‘கன்’. அதுவும் காத்தல், அடைத்தல் என்னும் கருத்துடையது. எழுபதின்மர் கிரேக்க மொழிபெயர்ப்பு ஏதேனுக்கும் ‘பாரதெய்சொஸ்’ என்றே இட்டமையால், அரசனின் வனம் தேவனின் தோட்டமாயிற்று. புதிய ஏற்பாட்டிலும் இச்சொல் மும்முறையே காணப்படும். அங்கெல்லாம் நம் பழைய மொழிபெயர்ப்பு ‘பரதீசு’ என ஒலியையே தந்தது. எனவே வனமும் பரதீசும் ஒரு சொல்லே என்பதை வாசகர் அறிய வழியில்லாமற் போயிற்று. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் லூக்காவில் ‘பேரின்ப வீடு’ என்கிறது. பொருள் விளங்குகிறது, ஆனால் மரமும் நீரும் மறைந்தன. அன்றியும் ‘வீடு’ என்பது பிறவியினின்று விடுபடுதலைக் குறிக்கும் சமயச் சொல்லாதலின், ‘என்னோடு’ என்னும் உறவின் அழுத்தம் குன்றுகிறது.

பாண்டிநாட்டார்க்கு இக்கருத்து அந்நியமன்று. நீர்நிலை சூழ்ந்து, அரசனும் உரிமை மகளிரும் மட்டுமே ஆடும் காவற்சோலையைப் பண்டைத் தமிழர் ‘இலவந்திகை’ என்றனர். சிலப்பதிகாரம் அதன் மதிலையும் சுட்டுகிறது. புறநானூற்றுப் பாண்டியன் ஒருவன், தான் உயிர்துறந்த இடத்தால் ‘இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன்’ எனப்படுகிறான். அரசனே துஞ்சிய சோலை அது. குற்றவாளிக்கு அங்கே இடமேது?

இங்கேதான் சிலுவைமொழியின் வலிமை விளங்குகிறது. நகர வாசலுக்குப் புறம்பே தூக்கப்பட்டவன், அரசரின் மதிலுக்குள் அரசரோடு நுழைகிறான். தனக்கெனச் சிங்காரவனம் அமைத்த பிரசங்கி, முடிவில் யாவும் மாயை என்றான். இவ்வரசரோ தமது சோலையைப் பகிர்ந்தளிக்கிறார். வெளிப்படுத்தல் 2:7 ஜீவவிருட்சத்தை அப்பரதீசில் வைக்கிறது. 21:25-இல் நகர வாசல்கள் அடைக்கப்படுவதில்லை.

‘பரதீசு’ என்னும் சொல்லை நீக்கவேண்டுவதில்லை. அதனை வெறும் ஒலியாய் விடுதலே குறை. சமயநல்லூர் போன்ற வைகைச் சமவெளிச் சபைகளில் அடக்க ஆராதனை நடத்தும் ஆயர், ‘அரசரின் சோலை’ என விளக்கிச் சொல்வாராக. வேலியிட்ட தோப்புகளைப் புறத்தே நின்று பார்த்தே வாழ்ந்த கூலியாளருக்கு அச்சொல் உடனே விளங்கும். மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோரை இன்றும் வெளியிலேயே நிறுத்தும் சபை, இவ்வசனத்தைப் பிரசங்கிக்குமுன் தன் வாசலைத் திறக்கக் கடமைப்பட்டுள்ளது.