உப்புக்கண்டமும் ஒன்பது அமினோ அமிலங்களும்

ஆட்டுக்கறியைச் சிறு துண்டுகளாக அரிந்து, உப்பும் மஞ்சள்தூளும் அரைத்த மிளகாய் வற்றலும் பூண்டும் பிசறி, நூலில் கோத்து, காரைக்குடிப் பக்கத்து வீடுகளின் முற்றத்தில் விறைத்துப் போகும்வரை வெயிலில் காயவிட்டு எடுக்கும் உப்புக்கண்டம், எண்ணெயில் பொரிந்து பழைய சோற்றுக்குத் துணையாகும்போது நாக்கு அறியும் சுவை ஒருபுறமிருக்க, மூளைக்குள் அது தூண்டிவிடும் வேலையும் ரசிக்கத்தக்கதே.

அந்த உப்பு குருதியின் அடர்வைச் சற்றே கூட்டியதும், மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸின் நரம்பணுக்கள் அதை உணர்ந்து தாகத்தை எழுப்புவதோடு, வாசோப்பிரசின் என்னும் ஹார்மோனைப் பிட்யூட்டரிச் சுரப்பியின் பின்மடல் வழியே குருதிக்குள் விடுகின்றன. ஒன்பதே அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைடு, அதாவது புரதத்தின் குறுஞ்சங்கிலி, இது. சிறுநீரகம் நீரை வீணாக்காமல் மீட்கவும், அளவு மிகும்போது குருதிநாளங்கள் இறுகவும் செய்கிறது. இத்தனை சிறிய மூலக்கூறிடம் இத்தனை பெரிய பொறுப்பு இருப்பது உண்மையிலேயே வியப்புக்குரியது. இதன் அமைப்பைக் கண்டறிந்தவரும், இதன் நெருங்கிய உறவான ஆக்சிடோசினை முதன்முதலில் ஆய்வுக்கூடத்தில் தொகுத்தவருமான வின்சென்ட் டு விக்னோ 1955இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

சித்திரை வெயிலில் வியர்த்து நீர் இழந்து குருதியின் கொள்ளளவு குறைந்தாலோ, எட்டு அமினோ அமிலங்கள் கொண்ட ஆஞ்சியோடென்சின் 2 பெருகி, குருதி நேரடியாகத் தொடக்கூடிய மூளையின் சில சிறு பகுதிகளை அடைந்து, தாகத்தையும் வாசோப்பிரசினையும், நாளங்களை இறுக்கும் பரிவு நரம்புகளின் விசையையும் ஒருசேரக் கூட்டி, அழுத்தம் சரியாதபடி தாங்குகிறது. இதே ஏற்பாடு ஓயாது மிகையாக இயங்கும்போது குருதியழுத்தம் உயர்ந்தே நின்றுவிடுவதால்தான், ஆஞ்சியோடென்சின் வந்து அமரவேண்டிய ஏற்பிகளை முன்கூட்டியே அடைத்துக்கொள்ளும் லோசார்ட்டான் மாத்திரையை மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கின்றனர்.