இயற்கைச் சமயமும் நிலமும்: வேட்ஸ்வேத், கிளேயர் பற்றி ஒரு குறிப்பு

இயற்கையை வழிபட்ட கவிஞன் அதன் வாயிலாகத் தன்னைக் கண்டுகொண்டான், உள்ளக் காயமும் ஆறப்பெற்றான் என்பது மனோரதியக் கவிதை குறித்து நம்மிடையே நிலவும் பரவலான கருத்தாகும். டபடில் மலரைக் கண்ணாற் காணாமலே அதைப் பற்றிய கவிதையைப் பாடசாலையில் மனனஞ் செய்தோருக்கு இது ஒரு நம்பிக்கையாகவே ஆகிவிட்டது. இதனை வெறும் மயக்கமென ஒதுக்குதல் எளிது. ஆயின் காயம் எது, அது யாருக்கு ஆறியது என வினவாது ஒதுக்குவது விமரிசனமாகாது.

வேட்ஸ்வேத்தின் காயம் வரலாற்றில் நேர்ந்தது. 1791-92இல் பிரான்சில் வாழ்ந்து புரட்சியின் ஆதரவாளரானார். அங்கு அனெற் வலோன் என்ற பெண்ணிடம் அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். 1793 பெப்ரவரியில் இரு நாடுகளுக்குமிடையே போர் மூண்டபோது, குடும்பமும் இலட்சியமும் எதிரி நாட்டிலாயின. அவ்வாண்டு வை ஆற்றங்கரையில் நடந்து திரிந்தவர், 1798இல் சகோதரியுடன் மீண்டும் அங்கு சென்று, யூலை 13ஆந் திகதியைத் தலைப்பிலிட்டு ரின்ரேண் மடாலயக் கவிதையை எழுதினார். பஸ்ரீல் சிறை வீழ்ந்த நாளுக்கு முந்திய நாள் அது. கவிதையிலோ புரட்சி பற்றி ஒரு சொல்லும் இல்லை. மடாலய இடிபாடுகளிற் குடியிருந்து இரந்துண்ட வறியோரை 1782இல் வெளியான கில்பினின் பயண நூல் குறிப்பிடுகிறது; அப்பள்ளத்தாக்கில் இரும்பு வேலைத்தலங்களும் இருந்தன. இவை கவிதையில் விடுபட்டமையை 1986இல் மார்ஜரி லெவின்சன் விரிவாக எடுத்துக்காட்டினார்.

அக்கண்டனம் நியாயமானதே, ஆனால் போதுமானதன்று. சொல்லாது விட்டதைக் கணக்கிடுவதால் கவிதையின் ஆற்றல் விளங்கிவிடுவதில்லை. ஜோன் ஸ்ருவாட் மில் 1826இல் கடும் மனச்சோர்வுக்கு ஆளானவர். பகுப்பாய்வையே உணவாக உண்டு வளர்ந்த அவ்வறிஞர், 1828இல் வேட்ஸ்வேத்தைப் படித்துத் தேறியதாகத் தம் சுயசரிதையிற் கூறுகிறார். புற அழகு மட்டும் தம்மைத் தேற்றவில்லை என்றும், மாந்தர் யாவரும் பங்குகொள்ளக்கூடிய மகிழ்ச்சியின் ஊற்றை அங்கு கண்டதாகவும், மக்களின் சமூக நிலை உயருந்தோறும் அது வளம் பெறும் என்றும் அவர் எழுதினார். மார்க்சியவாதி நிராகரிக்க வேண்டிய கூற்றன்று இது.

யாவரும் என்ற சொல்லிலேதான் சிக்கல் தொடங்குகிறது. வேட்ஸ்வேத் 1795இல் நண்பரொருவர் விட்டுச்சென்ற 900 பவுணை ஆதாரமாகக் கொண்டு கவிதைக்கெனவே வாழத் துணிந்தவர். ஆற்றங்கரைத் தியானத்துக்கு ஓய்வு வேண்டும். ஓய்வுக்குப் பணம் வேண்டும். 1844இல் கெண்டலிலிருந்து விண்டமியருக்குப் புகையிரதப் பாதை அமைக்க முயன்றபோது அவர் அதனை எதிர்த்தார். இயற்கைக் காட்சியைச் சுவைக்கும் ஆற்றல் பயிற்சியால் வருவதென்றும், கூட்டமாக வந்திறங்கும் தொழிலாளருக்கு அதனாற் பயனில்லையென்றும் வாதிட்டார். இயற்கைக் கோயிலுக்கும் வாயிற்காவலர் நியமிக்கப்பட்டுவிட்டார்!

ஜோன் கிளேயர் அக்கோயிலுக்குள் உழைத்தவர். 1793இல் ஹெல்ப்ஸ்ரன் கிராமத்துப் பண்ணைத் தொழிலாளியின் மகனாய்ப் பிறந்தார். 1809ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவ்வூர்ப் பொதுநிலம் அடைக்கப்பட்டபோது, கூலிக்கு வேலியடைத்தவர்களுள் அவரும் ஒருவர். வேட்ஸ்வேத்தில் இயற்கை மனிதனுக்கு வாய் கொடுக்கிறது. கிளேயரில் மனிதன் நிலத்துக்கு வாய் கொடுக்கிறான். சுவோடி வெல் என்னும் பழைய கற்குழி நிலம் தானே பேசி, ஊராரின் தருமத்தில் வாழும் ஏழையைப்போல முறையிடும் அவரது கவிதை இதற்குத் தக்க சான்றாகும். அங்கு அமைதி இல்லை. கணக்குக் கேட்கும் குரலே உள்ளது. ஆங்கில இயற்கைக் கவிதையில் இதற்கு நிகரானவை மிகச் சிலவே என்பது என் துணிபு.

அவரது மனநோய்க்கு வேலியடைப்பே காரணமெனல் கொச்சையான பொருண்முதல்வாதமாகும். ஆயினும் ஒன்று கருதத்தக்கது. 1837இல் அவர் சேர்க்கப்பட்ட மனநோய் இல்லம் எப்பிங் வனத்தினுள் இருந்தது. அங்கு காட்டில் உலாவ அவருக்கு அனுமதியும் இருந்தது. அழகிய வனமே, ஆனால் அவர் ஒவ்வொரு பற்றையையும் பறவைக் கூட்டையும் அறிந்திருந்த நிலம் அதுவன்று. 1841 யூலையில் அங்கிருந்து வெளியேறி, ஏறத்தாழ 80 மைல் நடந்து வீடு நோக்கிச் சென்றார். வழியிற் பசிக்கு வீதியோரப் புல்லைத் தின்றதாக அவரே எழுதிவைத்துள்ளார். அவ்வாண்டு முடியுமுன் நோதாம்ற்றன் மனநோய்ச்சாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1864இல் அங்கேயே இறந்தார்.