வெலிங்டனின் கொல்லைப்புறப் பொறிகள்: மக்கள் பங்கேற்பின் வலிமையும் வரம்பும்

வேற்றிடத்திலிருந்து மனிதரால் கொண்டுவரப்பட்டு, புதிய மண்ணில் தம்மைக் கட்டுப்படுத்துவார் இன்றிப் பெருகி, அம்மண்ணுக்கே உரிய உயிர்களை நலியச் செய்பவை அயல் ஆக்கிரமிப்பு இனங்கள் எனப்படுகின்றன. அவற்றை அகற்றும் பணி ஆளில்லாத தீவுகளில் வல்லுநர் குழுக்களாலேயே நடந்துவந்திருக்க, வீடும் கடையும் பள்ளியும் நெருங்கிக் கிடக்கும் நகரத்தில் குடியிருப்போரையே துணைகொண்டு அதனைச் செய்யத் துணிந்தது நியூசிலாந்தின் தலைநகரான வெலிங்டன். இம்முயற்சி பெற்றுள்ள பாராட்டு தகாததன்று. ஆயினும் மக்களின் உழைப்பு எங்கே பயன் விளைத்தது, எங்கே போதாமல் நின்றது என்று பிரித்துக் காணாத பாராட்டு, இதைப் பின்பற்ற நினைக்கும் பிற நகரங்களைத் தவறான பாதையில் இட்டுச்செல்லக் கூடும்.

எலியை ஒழிப்பதற்கு ஒரு நகரம் இத்தனை பாடுபடுவது ஏன் என்பதற்கு அந்நாட்டின் இயற்கை வரலாற்றில் விடை இருக்கிறது. வௌவால்களைத் தவிர வேறு தரைவாழ் பாலூட்டிகள் இல்லாத நிலத்தில் உருவான நியூசிலாந்துப் பறவைகளுள் பல பறக்கும் திறனை இழந்தவை. பல தரையிலோ மரப்பொந்திலோ முட்டையிடுபவை. மோப்பம் பிடித்து வரும் பகையை அறியாதவை. பசிபிக் எலி மாவோரி மூதாதையரின் படகுகளிலும், நார்வே எலியும் கப்பல் எலியும் ஐரோப்பியரின் கலங்களிலும் வந்தன. இவற்றுள் கப்பல் எலி என்பது இந்தியத் துணைக்கண்டத்தைப் பூர்விகமாகக் கொண்டது. தமிழகத்து வீட்டுப் பரணில் ஓடும் எலியின் உறவே வெலிங்டன் மரக்கிளைகளில் ஏறிக் குஞ்சுகளைத் தின்கிறது. மென்மயிர் வணிகத்துக்காக 1837 முதல் ஆஸ்திரேலியாவிலிருந்து பொசம் என்னும் பைப்பாலூட்டி இறக்கப்பட்டது. பெருகிவிட்ட முயல்களை அடக்குவதற்காக 1880களில் ஸ்டோட், வீசல் ஆகிய ஊனுண்ணிகள் கொண்டுவரப்பட்டன. கீரியைப் போல் நீண்டு மெலிந்த உடலுடைய இவை முயலோடு நிற்காமல் பறவைக் கூடுகளுக்குள்ளும் புகுந்தன. ஒரு பிழையைத் திருத்த இன்னொரு பிழை என்று நீண்ட இந்த வரிசையின் சுமையைத்தான், 2050க்குள் இவ்விலங்குகளை நாடு முழுவதிலும் ஒழிப்பது என்று 2016ஆம் ஆண்டு ஜூலையில் அன்றைய பிரதமர் ஜான் கீயின் அரசு அறிவித்த திட்டம் தலைமேல் ஏற்றுக்கொண்டது.

வெலிங்டனில் மக்களின் ஆர்வம் அரசின் அறிவிப்புக்கு முன்பே முளைத்திருந்தது. நகருக்குள் பழைய நீர்த்தேக்கப் பள்ளத்தாக்கு ஒன்றைச் சுற்றி 1999இல் 8.6 கிலோமீட்டர் நீள வேலி எழுப்பப்பட்டு, 225 ஹெக்டேர் பரப்புள்ள சீலாண்டியா சரணாலயம் அமைக்கப்பட்டது. 2002இல் அங்கே காகா என்னும் காட்டுக் கிளிகள் விடப்பட்டன. அவை பெருகி வேலியைத் தாண்டிப் பறந்து, வீட்டுத் தோட்டங்களில் அமரத் தொடங்கின. வேலிக்கு வெளியே அவற்றின் கூடுகளுக்காக எலியும் ஸ்டோட்டும் காத்திருந்தன. எனவே தம் தோட்டத்துக்கு வந்த பறவையைத் தாமே காக்க வேண்டும் என்ற எண்ணம் நகரத்தாருக்கு எவரும் பரப்புரை செய்யாமலே தோன்றியது. மக்களைத் திரட்ட விரும்பும் எந்தத் திட்டமும் கவனிக்க வேண்டிய வரிசை இது: முதலில் காக்க வேண்டியது கண்முன் வந்தது, அகற்ற வேண்டியதன் மீதான முனைப்பு அதன்பின் பிறந்தது.

அந்த முனைப்பின் வடிவம் எளியது. ஒரு முழ நீள மரப்பெட்டி, அதன் முகப்பில் எலி நுழையும் அளவே உள்ள ஓட்டை, உள்ளே வில்விசையால் அறையும் பொறி, அதன் தட்டில் வேர்க்கடலை வெண்ணெய் ஒரு துளி. பறவையோ குழந்தையின் விரலோ சிக்காதிருக்கவே பெட்டி. ஐந்து வீட்டுக்கு ஒரு வீட்டில் இத்தகைய பொறி இருக்க வேண்டும் என்ற இலக்கோடு பல பேட்டைகளில் குழுக்கள் அமைந்தன. இறந்த எலியை எடுத்துப் புதைப்பதும், இரையை மாற்றுவதும், பிடிபட்டதைக் கைப்பேசிச் செயலியில் பதிவதும் வாராந்தர வீட்டு வேலைகளில் ஒன்றாயின.

இவ்வுழைப்பின் பயனை மதிப்பிட ஒழிப்பியல் வகுத்துள்ள மூன்று நிபந்தனைகளே தக்க அளவுகோல். ஒவ்வொரு விலங்கும் தப்பாமல் பொறிக்கோ நஞ்சுக்கோ எட்டும் நிலையில் இருக்க வேண்டும். அது பெருகும் வேகத்தை விட அகற்றும் வேகம் மிக வேண்டும். வெளியிலிருந்து புதியவை வந்து சேராதிருக்க வேண்டும். கொல்லைப்புறப் பொறிகள் இம்மூன்றில் எதையும் முழுமையாக நிறைவேற்றுவதில்லை. ஆர்வமுள்ளவர் வீட்டில் பொறி இருக்க, அடுத்திருக்கும் கிடங்கிலும் கழிவுநீர்க் குழாயிலும் எலி நிம்மதியாக ஈனுகிறது. சூல்காலம் மூன்று வாரமே கொண்டு, சில மாதங்களில் பருவமெய்தும் உயிரின் பெருக்கத்தை விடுமுறைக்குப் போன வீட்டுக்காரர் ஈடுகட்ட முடியாது. பொறிக்கு அஞ்சி ஒதுங்கும் எலிகளே எஞ்சுவதும், அவற்றின் வழித்தோன்றல்களே பெருகுவதும் நிகழக் கூடியவை. தன்னார்வப் பொறிகள் எலிகளின் தொகையைத் தாழ்த்தி வைக்கின்றன; கூடு கட்டும் பருவத்தில் அத்தாழ்வே பல குஞ்சுகளைக் காப்பாற்றும் என்பதால் அது சிறுபயனன்று. ஆனால் கட்டுப்படுத்துதல் வேறு, ஒழித்தல் வேறு. முன்னது முடிவில்லாத பணி; பின்னது ஒருமுறை முடிக்கப்பட வேண்டிய பணி. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதே இத்துறையில் மக்களைச் சோர்வடையச் செய்யும் முதல் தவறு.

இந்த வேறுபாட்டை மிராமார் தீபகற்பத்தில் நடந்தது தெளிவாகக் காட்டுகிறது. ஏறத்தாழ 20,000 பேர் வாழும் அப்பகுதியின் கழுத்தை நகரின் விமான நிலையம் குறுக்கே அடைத்திருப்பதால், புதிய எலிகள் நுழையும் வழி இயல்பாகவே குறுகியது. அங்கிருந்த பொசம்கள் 2006க்குள்ளேயே அகற்றப்பட்டும் இருந்தன. 2019இல் தொடங்கிய ஒழிப்புப் பணியில், 50 முதல் 100 மீட்டர் இடைவெளியில் நச்சிரைப் பெட்டிகளும் பொறிகளுமாக ஆயிரக்கணக்கான கருவிகள் வலைப்பின்னலாக வைக்கப்பட்டன. அவற்றைச் சுற்றிவந்து பார்த்தவர்கள் ஊதியம் பெற்ற களப்பணியாளர்கள். 2023இல் நார்வே எலி, கப்பல் எலி, ஸ்டோட், வீசல் ஆகிய நான்கும் மிராமாரிலிருந்து நீங்கின என்று அறிவிக்கப்பட்டது. மாதங்களில் முடியும் என்று கருதப்பட்ட பணி ஆண்டுகளாக நீண்டதற்குக் காரணம் பெருந்தொகையான எலிகளை அகற்றியதன்று. இறுதியில் எஞ்சிய சிலவற்றைத் தேடியதே.

இங்கே பொதுமக்கள் செய்தது என்ன என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் நினைக்கும் விடை சரியானதன்று. அவர்களுடைய முதன்மையான கொடை பொறி வைத்ததில் இல்லை, வாயிற்கதவைத் திறந்துவிட்டதில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான தனியார் வீடுகளின் தோட்டத்துக்குள் அந்நியர் ஒருவர் வாரந்தோறும் நுழைந்து, நஞ்சிருக்கும் பெட்டியைத் திறந்து பார்த்துச் செல்ல இசைவு தருவது எளிய செயலன்று. இசையாத வீடுகள் சில அடுத்தடுத்து அமைந்திருந்தாலும் வலை அங்கே கிழிந்துபோகும். இரண்டாவது கொடை கண்காணிப்பு. எலி அருகியபின் அது வலையில் விழுவதை விட மனிதர் கண்ணில் படுவதற்கே வாய்ப்பு மிகுதி. உரக்குழியில் கண்ட எச்சம், இரவில் சுவருக்குள் கேட்ட சுரண்டல் என்று குடியிருப்போர் தந்த தகவல்கள் கருவிகளால் எட்ட முடியாததை எட்டின. கொல்வதை விட அறிவிப்பதில்தான் மக்களின் கை வலிது என்ற முடிவு வீரம் குறைந்ததாகத் தோன்றினும், உண்மைக்கு நெருக்கமானது.

அளவீட்டில் உள்ள குறை இதனினும் ஆழமானது. தன்னார்வக் குழுக்கள் தம் வெற்றியைப் பிடிபட்ட எலிகளின் எண்ணிக்கையால் சொல்லப் பழகிவிட்டன. எண்ணிக்கை கூடுவது முயற்சியின் மிகுதியாலும் இருக்கலாம், எலிகளின் மிகுதியாலும் இருக்கலாம். குறைவது ஒழிவாலும் இருக்கலாம், சலிப்பாலும் இருக்கலாம். எஞ்சியதை அறிய வேறு முறை உண்டு. நெகிழிச் சுரங்கம் ஒன்றினுள் நடுவே மை தடவிய அட்டையைச் செருகி, கடலை வெண்ணெய் வைத்து ஓரிரவு விட்டுவிட்டால், உள்ளே நடந்து சென்ற விலங்கின் அடித்தடம் வெள்ளை அட்டையில் பதிந்துவிடும். நூறு சுரங்கங்களில் எத்தனையில் தடம் விழுந்தது என்பதே செறிவின் குறியீடு. இது பரபரப்பற்ற வேலை. காட்டுவதற்கு ஓர் உடலும் கிடைக்காது. இருந்தும் இதைச் செய்ய முன்வரும் தன்னார்வலர் ஒருவர், பத்துப் பொறி வைப்பவரை விடத் திட்டத்துக்கு மிகுதியாக உதவுகிறார்.

கொல்லும் செயலைப் பொதுமக்களிடம் ஒப்படைப்பதில் அறம் சார்ந்த சிக்கலும் இருக்கிறது. பயிற்சியற்ற கையில் பொறி விலங்கை உடனே கொல்லாமல் துன்புறுத்தக் கூடும். உயிருடன் பிடிக்கும் பொறிகளை நாள்தோறும் சோதிக்க வேண்டும் என்று 1999ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் கூறினாலும், கொல்லைப்புறங்களில் அதைக் கண்காணிப்பார் இல்லை. 2017இல் அந்நாட்டுப் பள்ளி ஒன்றின் நிதி திரட்டும் நிகழ்வில் பொசம் குட்டிகள் வாளி நீரில் அமிழ்த்திக் கொல்லப்பட்டமை பெருங்கண்டனத்துக்கு உள்ளானது. அகற்றப்பட வேண்டிய விலங்கும் வலியை உணர்வது என்பதைச் சொல்லாமல், அதை வெறுக்க மட்டும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் திட்டம் இயற்கைப் பாதுகாப்பு என்ற பெயருக்கே பொருந்தாது. புரோடிஃபாகும் போன்ற இரத்த உறைவு தடுப்பு நஞ்சுகளையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும். அவற்றை உண்ட எலி சில நாட்கள் கழித்தே மடிவதால், அதற்குள் அதைத் தின்னும் பிற விலங்குகளுக்கும் நஞ்சு பரவுகிறது.

மக்கள் இசைவின் மேல் நிற்கும் திட்டம், மக்கள் இசையாததைத் தொட இயலாது என்பதற்குப் பூனை சான்று. வீட்டுப் பூனைகள் பறவைகளையும் பல்லிகளையும் கொல்வது மறுக்கப்படாத உண்மை. கேரத் மோர்கன் என்னும் செல்வர் 2013இல் பூனைகளுக்கு எதிராகப் பரப்புரை தொடங்கியபோது எழுந்த எதிர்ப்பு, அரசியல்வாதிகள் எவரும் மறக்கக் கூடியதன்று. வெலிங்டன் மாநகராட்சி 2018 முதல் வளர்ப்புப் பூனைகளுக்கு அடையாளச் சில்லுப் பொருத்துவதைக் கட்டாயமாக்கியதோடு நின்றது. மனிதப் பிடியை விட்டுத் தாமே வாழும் பூனைகள் 2025 நவம்பரில்தான் தேசியத் திட்டத்தின் பட்டியலில் ஏறின. மடியில் உறங்கும் பூனைக்கு அப்பட்டியலில் இடமில்லை. எந்த இனம் பகை என்பதைச் சூழலியல் மட்டும் தீர்மானிப்பதில்லை, வாக்காளரின் பாசமும் தீர்மானிக்கிறது. இதைத் தவிர்க்க முடியாமலிருக்கலாம், மறைக்க வேண்டியதில்லை.

தன்னார்வத்தைக் காட்டி அரசு கைவிரிக்கும் ஆபத்தும் வெறும் ஊகமன்று. தேசியத் திட்டத்துக்கென்றே 2016இல் நிறுவப்பட்ட அரசு நிறுவனம் மூடப்படும் என்றும், அதன் பணிகள் இயற்கைப் பாதுகாப்புத் துறைக்கு மாற்றப்படும் என்றும் 2025இல் அறிவிப்பு வந்தது. மிராமாரில் தூய்மை அடைந்தபின்னும் அவ்வப்போது எலி நுழைகிறது. ஒரு சூல்கொண்ட பெண் எலியைக் கண்டுபிடிக்கச் சில வாரம் தாமதித்தால் ஆண்டுகளின் உழைப்பு பாழாகும். அந்தத் தேடலுக்கு வேண்டிய பயிற்சி பெற்ற நாய்களும் காமிராக்களும் ஊதியப் பணியாளர்களும் கொல்லைப்புறங்களிலிருந்து கிடைப்பவையல்ல. மிராமாரைத் தாண்டி நகர மையத்தை நோக்கி நகரும் அடுத்த கட்டத்துக்கு விமான நிலையத்தைப் போன்ற அரண் எதுவும் இல்லாததால், அங்கே எல்லையைக் காக்கும் செலவு கூடுமே தவிரக் குறையாது. அச்செலவை யார், எத்தனை ஆண்டுகளுக்கு ஏற்பது என்பதை அங்குள்ள வீட்டுக்காரர்களிடம் இசைவுக் கையொப்பம் கேட்பதற்கு முன்பே மாநகராட்சியும் நடுவண் அரசும் எழுத்தில் தெரிவித்தாக வேண்டும்.