கூட்டமும் காமிராவும்

பெண் டைரக்டர்களின் குழுக்கள் இப்போதெல்லாம் வருஷக் கடைசியில் இணையத்தில் கூடுகின்றன. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் வேறு வழியில்லாமல் பரவிய இந்தப் பழக்கம் நோய் அடங்கிய பின்னும் நின்றுவிடவில்லை. திரையில் சின்னச் சின்னச் சதுரங்கள், சதுரத்துக்கு ஒரு முகம். யார் படம் முடித்தார்கள், அது எந்த விழாவுக்குப் போயிற்று, யாருக்குப் பணம் கிடைத்தது என்று பரிமாறிக்கொள்கிறார்கள். ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர்கள் கைதட்டும் சின்னத்தை அழுத்துகிறார்கள்.

இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் தமிழில் பெண்கள் படமெடுத்த சரித்திரத்தைப் பார்த்தால், இப்படியொரு கூட்டத்துக்கான ஏக்கம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். 1936இல் டி. பி. ராஜலக்ஷ்மி 'மிஸ் கமலா'வை எடுத்தார். 1980இல் லக்ஷ்மி 'மழலைப் பட்டாளம்' எடுத்தார். சுஹாசினியின் 'இந்திரா' வந்தது 1995இல். பதினைந்து, நாற்பது என்று வருஷங்களைத் தாண்டித் தாண்டி நிற்கிற தனி மரங்கள். முன்னவரிடமிருந்து பின்னவர் பெற்றுக்கொள்ள ஒரு மரபு உருவாகவில்லை. ஆகவே கூடட்டும்.

ஆனால் கூடுவதால் கூடுபவர்களுக்குக் கிடைக்கும் ஆறுதல் விமர்சகனின் பிரச்னை இல்லை. அந்தக் கூட்டம் படத்தின் உருவத்துக்குள் எதையாவது கொண்டுவந்து சேர்க்கிறதா என்பதே அவன் கேட்க வேண்டியது. பதில் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில், பெங்களூரில், 1980இல் 'யுகாந்தர்' என்ற குழு அமைந்தது. தீபா தன்ராஜ், ஆபா பையா, மீரா ராவ் என்று மூன்று பெண்கள். அவர்களோடு காமிராக்காரர் நவ்ரோஜ் கான்ட்ராக்டர். (இவர் 2023 ஜூனில் ஓசூர்ப் பக்கம் சாலை விபத்தில் இறந்துபோனார்.) 1981க்கும் 1983க்கும் இடையே நான்கு படங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரைமணி.

முதல் படம் 'மோல்கரீன்' (1981). புனே நகரத்து வீட்டு வேலைக்காரப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து சங்கம் அமைத்ததைப் பற்றியது. இரண்டாவது 'தம்பாக்கூ சாக்கிலா ஊப் ஆலீ' (1982), நிப்பாணியின் புகையிலைத் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றியது. நிப்பாணி கர்நாடகத்தில் இருக்கிறது. அந்தப் பெண்களின் பேச்சு மராத்தி. எல்லையோர ஊர்களின் இந்த விசித்திரத்தைத் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஓசூர்க்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. குழு அங்கே நான்கு மாதம் அந்தப் பெண்களோடு இருந்தது. மூன்றாவது தெலுங்கில், 'இதி கதா மாத்ரமேனா' (1983), 'இது வெறும் கதைதானா' என்று பொருள். ஹைதராபாதின் 'ஸ்திரீ சக்தி சங்கடனா' என்ற பெண்கள் அமைப்போடு சேர்ந்து, வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைப் பற்றிக் கதையாகவே எடுத்தது.

சாதாரண டாகுமெண்டரியில் பார்ப்பது, பிடிப்பது, வெட்டி ஒட்டுவது, காட்டுவது என்று ஒரு வரிசை உண்டு. கூட்டம் வருவது கடைசியில், நாற்காலியில் உட்கார. யுகாந்தரின் படங்களில் கூட்டம் முதலிலேயே வந்துவிடுகிறது. படத்தில் வரப்போகிற பெண்கள், காமிரா ஓடுவதற்கு முன்பே பேச்சில் இருக்கிறார்கள். தங்களுக்கு நடந்ததைத் தாங்களே திரும்ப நடித்துக் காட்டுகிறார்கள். திரும்ப நடிக்கும்போது எதை விடுவது, எதை அழுத்திச் சொல்வது என்ற தீர்மானம் அவர்கள் கைக்குப் போகிறது. தீர்மானம் கைமாறுகிற இந்த இடத்தில்தான் உருவம் பிறக்கிறது என்று நான் நினைக்கிறேன். இவற்றைக் 'கோஷப் படங்கள்' என்று ஒதுக்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கோஷத்தில் பேசுகிறவனுக்குச் சந்தேகம் கிடையாது. இந்தப் படங்களில் பெண்கள் ஒருவரையொருவர் சம்மதிக்க வைக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சிரமம் திரையில் தெரிகிறது.

நான்கில் எனக்குப் பலவீனமாகப் படுவது 'சுதேஷா' (1983). சிப்கோ இயக்கத்தில் ஈடுபட்ட மலைக் கிராமத்துப் பெண் ஒருவரைப் பற்றிய படம் அது. விஷயம் பெரியது, ஆனால் ஒரு தனி மனுஷியின் சித்திரமாக ஆனவுடன் மறுத்துப் பேச ஆளில்லாமல் போய்விடுகிறது. நாம் மரியாதையோடு பார்க்கிறோம், அவ்வளவுதான். இந்தக் குறையைத் தீபா தன்ராஜ் பின்னால் உணர்ந்திருக்க வேண்டும். 2011இல் அவர் தமிழ்ப் பெண்களை வைத்து எடுத்த 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்' புதுக்கோட்டையின் முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தைப் பற்றியது. ஆண்கள் மட்டுமே உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன இடத்துக்கு எதிரே பெண்கள் உட்கார்ந்து வழக்குக் கேட்கிறார்கள். கூட்டமே படமாகிவிட்டது.

இப்போது ஆண்டிறுதிக் கூடலுக்குத் திரும்பலாம். அங்கே இருப்பவர்கள் எல்லோரும் படமெடுப்பவர்கள். படத்தில் வந்தவர்கள் யாருக்கும் சதுரம் கிடையாது. 'என்னை நீ இப்படிக் காட்டியது சரியில்லை' என்று சொல்லக்கூடிய ஒரு குரல் அந்தத் திரையில் எழ வழியில்லை. மறுக்க ஆளில்லாத கூட்டம் சீக்கிரமே பரஸ்பரப் பாராட்டாகிவிடும். இது இலக்கியக் கூட்டங்களில் நாம் நன்றாக அறிந்த வியாதி.

கம்பியின் மேல் குற்றம் சொல்ல முடியாது. 'மோல்கரீனை' நான் ஓசூரில் உட்கார்ந்து பார்க்க முடிந்தது, பெர்லினின் ஆர்ஸனல் நிறுவனம் இப்படங்களைப் புதுப்பித்ததாலும் அவை இணையத்தில் வந்ததாலும்தான். 2017இல் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' திரையிடலுக்குத் தடை வந்தபோது அதை ஜனங்களிடம் கொண்டுபோனது யூட்யூப்தான். கேரளத்தில் 2017இல் அமைந்த 'விமன் இன் சினிமா கலெக்டிவ்' எழுப்பிய கேள்வியால் ஹேமா கமிட்டி அமைந்தது. அதன் அறிக்கை 2019 டிசம்பர் 31ஆம் தேதி அரசிடம் போய்ச் சேர்ந்தது. 2024 ஆகஸ்டில்தான், சில பகுதிகள் நீக்கப்பட்டு, வெளியே வந்தது. நடிகைகளும் தொழில்நுட்பப் பெண்களும் ஒன்றாக நின்றதனால் அது அந்த அளவுக்காவது நடந்தது.

ஓசூரைச் சுற்றி இன்று ஆயிரக்கணக்கான பெண்கள் விடுதிகளில் தங்கி, கைபேசியின் பாகங்களைச் செய்யும் வேலைக்குப் போகிறார்கள். தருமபுரிப் பெண்களும் இருக்கிறார்கள், ஜார்க்கண்ட், ஒடிசாப் பெண்களும் இருக்கிறார்கள். 2025 நவம்பரில் அப்படியொரு விடுதியின் குளியலறையில் ஒளித்துவைத்த காமிரா ஒன்று அகப்பட்டது. பெண்கள் திரளாக வெளியே வந்து போராடினார்கள். செய்திகளில் நாலைந்து நாள் அடிபட்டு, பிறகு மறைந்தது. அந்தப் பெண்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு காமிரா இருக்கிறது. தங்களுக்குத் தெரியாமல் தங்களைப் பார்த்த காமிராவைப் பற்றி அவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள், எந்த பாஷையில், யார் யாரைப் பயப்படாதே என்றார்கள், யார் வேலை போய்விடுமென்று உள்ளேயே இருந்துவிட்டார்கள் என்பதெல்லாம் ஒரு படம். நிப்பாணியில் நான்கு மாதம் இருந்தவர்கள் எடுத்திருக்கக்கூடிய படம்.

அடுத்த வருஷக் கடைசியில் கூடுகிறவர்கள் இரண்டு சதுரங்களை இவர்களில் இரண்டு பேருக்கு ஒதுக்கிப் பார்க்கலாம். ஷிப்ட் முடிகிற நேரம் பார்த்துக் கூட்டத்தை வைக்க வேண்டியிருக்கும். கைதட்டும் சின்னம் அன்றைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வேலை செய்யும்.