காற்றுக்கு விட்ட இடம்

ஆட்டு நுரையீரலைக் கழுவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அமுக்கினால் பஞ்சு மாதிரி இருக்கும். தண்ணீரில் போட்டால் மிதக்கும். அதற்கு இந்தப் பெயரை வைத்தவர் யாரோ, உற்றுப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த நுரையீரல் படத்தை முதல்முறை பார்த்தபோது என் வாயில் வந்த சொல்லும் நுரைதான்.

ஆனால் சோப்பு நுரையில் ஒவ்வொரு குமிழும் தனியே மூடிக் கிடக்கும். இங்கே எல்லாம் திறந்திருக்கிறது. நடுவில் ஒரு நடை, அதன் இருபுறமும் கதவில்லாத அறைகள். ஒவ்வொரு காற்று நுண்ணறையும் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அகலம். சில சுவர்களில் சிறு வட்டத் துளைகள் உண்டு. கோன் துளைகள் என்று பெயர். அவற்றின் வழியே பக்கத்து அறையின் ஒரு மூலை தெரியும். எந்தப் படத்தை எடுத்தாலும் என் கண் முதலில் தேடுவது அந்த மூலையைத்தான். 1661-இல் தவளை நுரையீரலைச் சாதாரண நுண்ணோக்கியில் பார்த்து, நுண்ணறைகளையும் தந்துகிகளையும் கண்டு சொன்ன மால்பிகி இதைப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்தப் படங்களுக்குப் பச்சை, இளஞ்சிவப்பு என்று பிறகு நிறம் ஏற்றுகிறார்கள். எனக்குச் சாம்பல் நிறமே போதும். எலக்ட்ரானுக்கு நிறம் கிடையாது. ஒளியும் நிழலும் மட்டுமே இருந்தால் சுவர் எவ்வளவு மெல்லியது என்பது கண்ணுக்கு உடனே பிடிபடும்.

சுவரின் உள்ளே பார்க்க வேண்டுமானால் வெட்ட வேண்டும். அது கைவேலை. திசுவைப் பிசினில் இறுக்கி, கண்ணாடிக் கத்தியாலோ வைரக் கத்தியாலோ சீவுகிறார்கள். கத்தியின் பின்னால் சின்னத் தொட்டியில் தண்ணீர். சீவல் அதில் மிதந்து வரும். அதன் தடிமனை நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். வெள்ளி நிறமென்றால் 60 முதல் 90 நானோமீட்டர், வேலைக்கு ஆகும். பொன்னிறம் தட்டினால் தடித்துவிட்டது. சோப்புக் குமிழில் நிறம் ஓடுவதும் இதேபோல் தடிமன் மாறுவதால்தான். மிதக்கும் சீவலை நகர்த்துவதற்குக் குச்சி நுனியில் ஒட்டிய ஒரு கண்ணிமை முடி. அதைவிட மென்மையான கருவி இன்னும் வாய்க்கவில்லை.

அப்படி வெட்டிய சீவல்தான் ஒரு பழைய வழக்கைத் தீர்த்தது. நுண்ணறைக்குள் தந்துகிகள் வெறும் உடம்போடு காற்றில் கிடக்கின்றனவா, அவற்றின் மேல் ஒரு போர்வை இருக்கிறதா என்று பல பத்தாண்டுகள் சர்ச்சை நடந்தது. சாதாரண நுண்ணோக்கியால் அதைக் காட்ட முடியவில்லை. போர்வை அவ்வளவு மெல்லியது. 1952, 53-இல் அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஃபிராங்க் லோ வெளியிட்ட எலக்ட்ரான் படங்களில் போர்வை எங்கும் அறுபடாமல் ஓடியது.

அந்த இடத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஒருபுறம் காற்று, படத்தில் அது வெறும் வெளி. மறுபுறம் தந்துகிக்குள் கருமையாக, வழுவழுவென்று ஒரு சிவப்பணு. இடையே மூன்று கோடுகள்: போர்வைச் செல், அடிச்சவ்வு, தந்துகியின் சுவர். மிக மெல்லிய இடங்களில் மூன்றும் சேர்ந்து 0.2, 0.3 மைக்ரான், தலைமுடித் தடிமனில் இருநூறில் ஒரு பங்கு என்று சொல்லலாம். இதே தந்துகியின் எதிர்ப்பக்கத்தில் நார்கள் திரண்டு, சுவர் தடித்திருக்கும். தந்துகி நார்வலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பின்னிப் பின்னிப் போகிறது. அதனால் ஒருபக்கம் தாங்கலும் மறுபக்கம் மூச்சும் கிடைக்கின்றன. இந்தப் பின்னலைவிட அழகான நெசவை நான் பார்த்ததில்லை.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இருந்த ஏவால்ட் வைபெல் வாழ்நாளெல்லாம் இந்தப் படங்களை அளந்தவர். படத்தின் மேல் புள்ளிகளும் கோடுகளும் கொண்ட கட்டத்தை வைத்து, எத்தனை எதன்மேல் விழுகின்றன என்று எண்ணி எண்ணியே கணக்குப் போட்டார். வளர்ந்த ஒருவரின் நுண்ணறைகளை விரித்தால் ஏறத்தாழ 130 சதுர மீட்டர் வருகிறது. அரை கிரவுண்டு மனைக்கும் கூடுதல், அத்தனையும் நெஞ்சுக்கூட்டுக்குள்.

போர்வைச் செல்லில் இரண்டு வகை. முதல் வகை, நடுவில் மட்டும் சற்றுத் தடித்து, ஓரமெல்லாம் முறுகலாய் இழுத்து வார்த்த தோசை. பரப்பில் பெரும்பகுதியை அதுவே மூடிவிடுகிறது. இரண்டாம் வகை மூலைகளில் உருண்டு திரண்டு நிற்கும். வயிற்றுக்குள் குறுக்கே நறுக்கிய சின்ன வெங்காயம் போல அடுக்கடுக்கான பொதிகள். அந்தப் பொதிகள் வெளியே வந்து பிரிந்து, நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்புப் படலமாகின்றன. குறைமாதத்தில் பிறந்து மூச்சுத்திணறும் குழந்தைகளுக்கு அந்தப் படலம் போதவில்லை என்பதை 1959-இல் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் காட்டினார்கள்.

ஆனால் படலத்தைப் படம் பிடிப்பது பெரும்பாடாக இருந்தது. மூச்சுக்குழாய் வழியே பதப்படுத்தும் திரவத்தை ஊற்றினால் அது படலத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். 1960-களின் கடைசியில் வைபெலும் ஹோவான் ஹிலும் திரவத்தை இரத்தக்குழாய் வழியே செலுத்தினார்கள். நுண்ணறைக்குள் காற்று காற்றாகவே இருந்தது. அந்தப் படங்களில் தந்துகிகளின் மேடு எடுப்பாகத் தெரியவில்லை. இடையிலுள்ள குழிகளைப் படலம் நிரப்பி, சாணி மெழுகிய தரை போலச் சமமாக்கியிருக்கிறது. அதன் விளிம்பில் ஒரே ஒரு கருங்கோடு ஓடுகிறது. கோட்டுக்கு அப்பால் காற்று.