யாருடைய மூக்கு?

கதையில் ஆசிரியர் தலைகாட்டக் கூடாது என்பதுதான் இன்று சிறுகதைப் பட்டறைகளில் முதல் பாடம். அதில் நியாயம் இல்லாமலில்லை. கடைசிப் பத்தியில் வாசகருக்கு வகுப்பெடுக்கும் வழக்கம் ஓய்ந்தது அதனால்தான். இமையத்தின் 'பெத்தவன்' பெரும்பாலும் பேச்சாலேயே நகர்ந்து நம்மை உலுக்கிவிடுகிறது.

ஆனால் இன்று வரும் கதைகள் பலவற்றில் ஆசிரியர் வெளியேறவில்லை. பாத்திரத்தின் வாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறார். எங்கள் ஆம்பூரைப் பற்றி எழுதப்படும் கதைகளையே பாருங்கள். ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கும் பெண் 'நான்' என்று தொடங்குவாள். முதல் வரியிலேயே தோல் நாற்றம் அவள் குடலைப் புரட்டும். வருஷக்கணக்காக விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறுகிறவளுக்கு அந்த வாடை உறைக்குமா? அது வெளியூர்க்காரரின் மூக்கு. அவள் கவனம் வேறு இடத்தில் இருக்கும். ஊசி மழுங்கினால் தையல் தாண்டும். தோலில் விழுந்த துளை துணியில்போல மூடிக்கொள்ளாது. பிரித்துத் தைத்தால் பழைய துளை வரிசை காட்டிக்கொடுத்துவிடும். இதில் ஒரு வரிகூடக் கதைக்குள் வராது. பதிலுக்கு, பாலாற்றைக் கெடுத்த தோல் கழிவையும் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பையும் அவள் கோவையாக எடுத்துச் சொல்வாள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அங்கே பேசுவது ஆசிரியருடைய கோபம். அதைத் தன் குரலிலேயே பேச அவருக்கு என்ன தயக்கம்?

புதுமைப்பித்தனுக்கு அந்தத் தயக்கம் இல்லை. 1934-இல் வந்த 'பொன்னகரம்' கதையின் முடிவில் நேரே நம் பக்கம் திரும்பிக் கேட்டுவிடுகிறார். கேட்பது யார் என்பதில் குழப்பமே இல்லை. அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' போவது வேறு வழி. கதைசொல்லி சினிமா ஸ்டூடியோ ஊழியர். வாய்ப்புக் கேட்டு வந்த காதர் புலியாகப் பாய்வதை ஊழியராகவே பார்க்கிறார். காதரின் மனசுக்குள் புகுந்து அவருக்காகப் பேச முயல்வதே இல்லை. காதரின் பசி நமக்கு அவ்வளவு உறைப்பது அந்த விலகலால்தான்.

குரலற்றவர்களுக்குக் குரல் கொடுக்கிறோம் என்று, பாத்திரத்தின் வாய்க்குள் உட்காரும் பாணிக்கு வக்காலத்து வாங்குகிறார்கள். கொடுக்கவில்லை, இருந்த குரலையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். தையல் மெஷினில் குனிந்திருப்பவளுக்குச் சொந்தமாக ஒரு பேச்சு உண்டு. மேஸ்திரியைப் பற்றி, சீட்டுப் பணத்தைப் பற்றி, மகளின் கல்யாணத்தைப் பற்றி. அதைக் காதுகொடுத்துக் கேட்கும் பொறுமை இல்லாதவர்கள்தான் 'நான்' என்று சுலபமாக எழுதிவிடுகிறார்கள். அந்த 'நான்' இருக்கும் இடத்தில் எழுத்தாளரின் பெயரைப் போட்டுப் படித்துப் பாருங்கள். நாற்றம், ஆறு, தீர்ப்பு எல்லாம் அப்படியே பொருந்தும். ஒரு வரியையும் மாற்ற வேண்டியிருக்காது.